தொண்ணூற்றெட்டு சதவீத உண்மை

திருச்சியைச் சுற்றி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் ‘கூடவே’ ஆப்பில் நானூற்றுப் பன்னிரண்டு கார்த்திக்குகள் இருந்தார்கள். அருண்கள் இருநூற்றுத் தொண்ணூறு. இவர்களில் பெற்றவர்கள் வைத்த பெயரே கார்த்திக் என்று இருந்தவர்கள் ஒன்பது பேர்தான். அந்த ஒன்பது பேரும் ஆப்பில் அருண் என்று இருந்தார்கள்.

சகாயராஜுக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. அவன் வேலை பார்த்தது அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவில். வேலை நேரம் போக மற்ற நேரத்தில் அவனும் ஓர் அருண்.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தில்லை நகரில் ஒரு காபிக் கடையில் அவன் ஒரு கார்த்திக்கைச் சந்தித்தான். ஒல்லியான ஆள். மீசையை மட்டும் யாரோ தனியாக உட்கார்ந்து வரைந்தது போல் இருந்தது. இருவர் சட்டையிலும் மேலிருந்து மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனி கொடுத்த பொத்தான். எதிராளியின் குரலை அது கேட்கும். ஒரு தடவை அதிர்ந்தால் சந்தேகம், இரண்டு தடவை என்றால் பொய்.

“கார்த்திக்,” என்று கை நீட்டினான் வந்தவன்.

சகாயத்தின் நெஞ்சில் இரண்டு தடவை அதிர்ந்தது.

“அருண்.”

எதிர்ச் சட்டையில் இரண்டு தடவை. துணி நடுங்கியதே தெரிந்தது.

“எங்க வேலை?”

“ஐ.டி.” இரண்டு. “நீங்க?”

“நானும் ஐ.டி.தான்.” அங்கேயும் இரண்டு.

“வீடு?” என்று கேட்டான் சகாயம்.

“ஸ்ரீரங்கம்.” இரண்டு.

“காபி புடிக்குமா?”

“ரொம்பப் புடிக்கும்.” இரண்டு.

சகாயம் குனிந்து தன் பொத்தானைப் பார்த்தான், பிறகு அவனை. “காபில என்னங்க இருக்கு பொய் சொல்றதுக்கு?”

“டீ கேட்டா சாதாரண ஆளுன்னு நெனச்சிருவீங்களோன்னு,” என்றான் கார்த்திக். பொத்தான் அசையவில்லை. அந்த அமைதியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் இருந்த கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே இருவரும் ஐ.டி. முகத்தை மாட்டிக்கொண்டார்கள்.

சகாயத்துக்கு அவனைப் பிடித்திருந்தது. பேசிய இருபது நிமிஷத்தில் அவன் ஏழு பொய் சொன்னான். ஏழும் அழகாக இருந்தன. இல்லாத தங்கையைப் பற்றிச் சொன்ன பொய்யில் அந்தத் தங்கைக்கு ஒரு சைக்கிள் கூட இருந்தது.

ஏழாவது பொய்யில் இருவர் போனும் ஒலித்தன. திரையில் இரண்டு கட்டங்கள்: ‘விலகுகிறேன்’, ‘பொறுப்பேற்கிறேன்’.

இரண்டு வருஷம் முன்பு வரை இந்தக் கட்டங்கள் கிடையாது. அப்போது ஆண்கள் ஆண்களைச் சந்திக்க ஆப்கள் பல இருந்தன. அவற்றில் ஆண்களுக்கு வலை விரித்து, வீட்டுக்கு வரவழைத்து, அடித்து வீடியோ எடுக்கும் கூட்டங்களும் பல இருந்தன. செய்தி பெரிதானதும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவானது. அடித்தவர்களைப் பிடிப்பதைவிட ஆப்களை மூடுவது சுலபம் என்பதால் அதைச் செய்தார்கள். பொத்தான் வைத்த ஒரே ஓர் ஆப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். அதுதான் ‘கூடவே’.

‘விலகுகிறேன்’ என்று அழுத்தினால் எதிராளிக்கு ஒரு சிவப்பு விழும். மூன்று சிவப்பு விழுந்தால் ஆப்பிலிருந்து நீக்கம். எதையும் அழுத்தாமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் அவர்கள் இருவரும் ஆப்பில் மறுபடி சந்திக்க முடியாது. ‘பொறுப்பேற்கிறேன்’ என்று அழுத்தினால் தொடர்ந்து சந்திக்கலாம். அப்போது, பொறுப்பேற்றவர் இன்னார் என்பதை உறுதி செய்ய, அவருடைய நிரந்தர முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு ஒரு பதிவுத் தபால் போகும். தனியுரிமை கருதி உறையின் மேல் ஆப்பின் பெயர் மட்டும்தான் அச்சாகியிருக்கும்.

சகாயத்தின் நிரந்தர முகவரி மணப்பாறை. அங்கே வீட்டுக்கு வரும் தபால் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுவது அவன் அப்பா. அப்பா மாதா கோவிலில் உபதேசியார், பாதிரியாருக்கு அடுத்தபடி ஜெபம் நடத்துகிறவர்.

சும்மா விட்டிருக்கலாம். ஆனால் ஊழியர்களின் பொத்தான் கணக்கை மாதக் கடைசியில் மேலே பார்ப்பார்கள். ஏழு பொய் கேட்டும் விலகாதவன் என்று பெயர் வந்தால் ஏன் என்று கேட்பார்கள். சகாயம் ‘விலகுகிறேன்’ என்பதை அழுத்தினான்.

கார்த்திக் தன் போனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதையும் அழுத்தவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“எனக்கு இது மூணாவதுங்க.”

“ஓ.”

“பரவால்ல,” என்றான் கார்த்திக்.

பொத்தான் இரண்டு தடவை அதிர்ந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஷெரின் இயர்போனைக் கழற்றி அவன் மேஜையில் போட்டாள். ஷெரின் புகார்ப் பிரிவின் தலைமை. திருநங்கை. கம்பெனியின் எல்லாப் போஸ்டரிலும் அவள் முகம்தான் இருக்கும். ஜூன் மாதம் பிரைடு விழாவுக்கு அவளை நடுவில் நிற்க வைத்து ஏழு வண்ணத்தில் கேக் வெட்டுவார்கள். மற்ற பதினோரு மாதமும் ஏ.சி. எட்டாத மூலையில் அவள் மேஜை.

“இதக் கேளுடா.”

சகாயம் கேட்டான். ஓர் ஆணின் குரல். வாய்க்குள் வீக்கம் இருக்கிறது போல.

“நான்... கீழ விழுந்துட்டேன் மேடம். இல்ல, ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ள இன்னும் மூணு பேர் இருந்தாங்க. பேரச் சொல்லு, அப்பா பேரச் சொல்லு, ஊரச் சொல்லுன்னு... அதையெல்லாம் வீடியோ எடுத்தாங்க. என் பேரு வேணாம் மேடம். கார்த்திக்னு போட்டுக்குங்க.”

புகாரையும் பொத்தானின் மூளைதான் கேட்கும். திரையில் சிவப்பு. ‘புகார்தாரர் நம்பகத்தன்மை: 11. புகார் ஏற்கப்படவில்லை.’

“இதோட மூணு,” என்றாள் ஷெரின். “மூணு பேரும் போனது ஒரே வீடு, உறையூர். ஆளு யாருன்னு பாரு.”

அவள் திரையைத் திருப்பினாள். தினகரன், முப்பத்தொரு வயது. பச்சைப் புள்ளி. உண்மை: தொண்ணூற்றெட்டு சதவீதம். திருச்சி வட்டாரத்திலேயே அதிகம். அவன் ஆப்பில் சேர்ந்தபோது கொடுத்த குரல் பேட்டியை ஷெரின் ஓடவிட்டாள்.

“உங்கள் பெயர்?”

“தினகரன்.” பச்சை.

“முகவரி?”

கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் மாவு மில் எல்லாவற்றையும் சொன்னான். பச்சை.

“நீங்கள் ஆண்களைச் சந்திக்க விரும்புகிறீர்களா?”

“ஆமா. ரொம்ப.” பச்சை.

“எதற்காக?”

“அவங்கள நேர்ல பாக்கணும். யாரு என்னன்னு தெரிஞ்சுக்கணும். இந்த மாதிரி ஆளுங்களப் பாக்கத்தான் நான் ஆப்லயே சேர்றேன்.” பச்சை.

“ஒரு பொய் இல்லக்கா,” என்றான் சகாயம்.

“அதான்டா இடிக்குது. நம்மாளு எவனாச்சும் இப்படிப் பேசுவானா? கேட்ட ஒடனே கதவு நம்பர் சொல்றவன் நம்ம ஜாதியே இல்ல. பொறந்ததுலேருந்து எதையும் மறைக்க வேண்டிய தேவையே இல்லாத ஒருத்தன்தான் இப்படிப் பேச முடியும்.”

“மெஷின் பொய்யத்தானக்கா தேடுது?”

“மண்ணாங்கட்டி. அது தேடுறது பொய்ய இல்லடா, பயத்த. குரல் லேசா ஒடையுதா, மூச்சு முட்டுதா, அவ்ளோதான் அதுக்குத் தெரியும். பயப்படுறவன் பொய் சொல்றவன்னு எவனோ எழுதி வச்சுட்டுப் போயிட்டான். நம்ம பசங்களுக்கு ரெண்டும் ஒரே தொண்டையில இருக்கு. அதுக்கு எப்படிப் பிரிச்சுப் பாக்கத் தெரியும்?”

மதியம் சென்னையிலிருந்து மதுவந்தி மேடம் வீடியோவில் வந்தார். பாதுகாப்புப் பிரிவின் துணைத் தலைவர். யார் என்ன சொன்னாலும் முதலில் கண்ணை மூடி ஒரு தடவை தலையாட்டுவார். அதற்கு ஏதோ பயிற்சி எடுத்திருந்தார்.

“ஷெரின், உங்க ஃபீலிங்ஸ் எனக்குப் புரியுது. ஆனா டேட்டாவப் பாருங்க. பச்சைப் பயனர்கள் மேல இதுவரைக்கும் ஏற்கப்பட்ட புகார் ஜீரோ.”

“ஏத்துக்கிட்டாத்தான மேடம் எண்ணிக்கை வரும்? வர்ற புகார எல்லாம் அது தூக்கிப் போடுது.”

“எக்ஸாக்ட்லி. தவறான புகார்களை நாம எவ்வளவு நல்லா ஃபில்டர் பண்றோம்னு பாருங்க.”

“மேடம், அந்தப் பையனுக்குப் பல்லு போயிருச்சு.”

மேடம் கண்ணை மூடித் தலையாட்டினார். “நீங்க ஏற்கனவே அந்தப் பயனர் மேல மூணு எச்சரிக்கைக் குறிப்பு போட்டிருக்கீங்க ஷெரின். நாலாவது போட்டா அது ஒருதலைப்பட்சம்னு சிஸ்டமே எடுத்துக்கும். டேக் கேர்.”

திரை கறுத்தது.

“டேக் கேராம்,” என்றாள் ஷெரின். “நாம டேக் கேர் கம்பெனிலதான வேலை பாக்குறோம்.”

செவ்வாய்க்கிழமை காலை மறுசேர்க்கை விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சகாயத்தின் விரல் நின்றது. நீக்கப்பட்டவர்கள் திரும்பிச் சேர ஒரு வழி உண்டு. பச்சைப் பயனர் ஒருவர் பொறுப்பாளராக வர வேண்டும். முதல் சந்திப்பு அந்தப் பொறுப்பாளரின் சரிபார்க்கப்பட்ட முகவரியில் நடக்க வேண்டும். பாதுகாப்புக்காக.

புகைப்படத்தில் அந்த மீசை. பெயர்: கார்த்திக். ‘இவரை ஏன் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்ற கேள்விக்கு அவன் எழுதியிருந்தது: ‘பதினாறு பேரிடம் கேட்டேன். இவர் ஒருவர்தான் சரி என்றார்.’

பொறுப்பாளர்: தினகரன். ‘நிரந்தர முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பலாமா?’ என்ற கேள்விக்கு அவன் பதில்: ‘தாராளமா.’

சந்திப்பு: புதன், காலை பதினொரு மணி.

சகாயம் ஷெரினிடம் எல்லாவற்றையும் சொன்னான். காபிக் கடையைச் சொன்னான், தான் போட்ட சிவப்பைச் சொன்னான். ஷெரின் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“போன் பண்ணி அவன்கிட்டச் சொல்லு.”

“நம்பர் இல்லக்கா. நீக்குன அன்னிக்கே அழிச்சுருவாங்க, திரும்பச் சேத்தாத்தான் மறுபடி வாங்குவாங்க. தனியுரிமை.”

“போலீஸ்?”

“போய் என்னன்னு சொல்ல? நாளைக்கு ஒருத்தன் அடி வாங்கப் போறான், பேரு தெரியாது, ஊரு தெரியாதுன்னா? அடிக்கப் போறவன் ரெக்கார்டுல தங்கம்.”

“அப்ப நீ குறிப்பு போடு. ஊழியர் எச்சரிக்கைக் குறிப்பு. நீ இதுவரைக்கும் ஒண்ணுகூடப் போட்டதில்லல்ல, எடுத்துக்கும். சந்திப்புக்கு முன்னாடியே ஒரு குறிப்பு ஏறுனா அந்தச் சந்திப்பு மட்டும் தன்னால நின்னுரும். நான் போட்டதெல்லாம் அடி விழுந்த பொறகு.”

குறிப்பைக் குரலில்தான் கொடுக்க வேண்டும். உண்மைப் பெயர், ஆபத்தில் இருப்பவரோடு என்ன உறவு, காரணம். சகாயம் கண்ணாடி அறைக்குள் போய் மைக் முன்னால் உட்கார்ந்தான். அவன் சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். மூன்றும் உண்மை.

“என் பேரு சகாயராஜ். நான்... நானும் இந்த ஆப்ல இருக்கேன். ஆண்களச் சந்திக்கிறதுக்காக. அந்தக் கார்த்திக்க சனிக்கிழமை சந்திச்சேன், அவரு இப்போ...”

சிவப்பு. நம்பகத்தன்மை: 14.

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னான். 12. நின்றுகொண்டு சொன்னான். 9.

ஷெரின் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “டேய், கோவில்ல வாசகம் படிக்கிற மாதிரி இழுக்காத. சாதாரணமாச் சொல்லு.”

“சாதாரணமா எப்படிக்கா? பேரோட சேத்து இது வரைக்கும் சொன்னதே இல்லையே.”

அவள் கதவைச் சாத்தினாள். நான்காவது முறை சொன்னபோது எண் 6 என்று வந்தது. ‘இன்றைய வாய்ப்புகள் முடிந்தன’ என்றும் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அவன் அந்த உண்மையைத் தன் சொந்தப் பெயரோடு சேர்த்துச் சொன்னான். கேட்ட ஒரே ஒரு மெஷின் நம்பவில்லை.

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு உறையூர் போனான். முகவரியில் குழப்பமே இல்லை. மாவு மில், அதற்கு அடுத்த வீடு, பச்சைக் கேட். தெரு முனையில் இஸ்திரி வண்டி. எதிர்வீட்டு வாசலில் ஓர் அம்மா குடத்தை வைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீருக்குக் காத்திருந்தாள்.

பத்து ஐம்பதுக்கு கார்த்திக் நடந்து வந்தான். தோளில் பை. சலவைக்குப் போய் வந்த சட்டை. தேர்வு எழுதப் போகிறவன் மாதிரி இருந்தான். சகாயத்தைப் பார்த்ததும் நின்றான்.

“நீங்க எங்க இங்க?”

“உள்ள போகாதீங்க. அவன் அடிக்கிறவன். உள்ள ஆளுங்க இருப்பாங்க, வீடியோ எடுப்பாங்க. ஏற்கனவே மூணு பேரு.”

“அவரு தொண்ணூத்தெட்டு பர்சென்ட்.”

“தெரியும்.”

“நீங்க அன்னிக்கு எத்தன பர்சென்ட் இருந்தீங்க அருண்?”

சகாயம் பதில் சொல்வதற்குள் கேட் திறந்தது. தினகரன் வெளியே வந்தான். குளித்து விபூதி பூசிய முகம். பார்த்தால் யாரும் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவார்கள். அவனுக்குப் பின்னால் வாசலில் இன்னும் இரண்டு தலைகள். அதில் ஒருவன் கையில் போனைத் தயாராகப் பிடித்திருந்தான். கார்த்திக் அந்தப் போனைப் பார்த்தான்.

“வாங்க கார்த்திக்,” என்றான் தினகரன். “உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்.”

சகாயத்தின் பொத்தான் அசையவில்லை. அது உண்மைதான்.

“நான் கெளம்புறேன்,” என்றான் கார்த்திக்.

தினகரன் அவன் கையைப் பிடித்தான். இறுக்கமாக எல்லாம் இல்லை, சொந்தக்காரன் பிடிப்பது போல. பிறகு கூட நிற்பவனைப் பார்த்தான். “ஒண்ணுக்கு ரெண்டா வந்திருக்கீங்க. உள்ள வர்றீங்களா, இல்ல நீங்கள்லாம் யாருன்னு தெருவுக்கே சொல்லவா? எனக்கு ஒண்ணுமில்ல. நான் உள்ளதத்தான் சொல்லுவேன்.” கடைசி வார்த்தைகளில் அவன் குரலை ஏற்றினான்.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். குழாயடி அம்மா திரும்பினாள். “என்ன தினா, யாரு இவங்க?”

ஓடலாமா என்று சகாயம் யோசித்தான். ஓடினால் தெரு முழுக்கத் துரத்தும் என்றும் யோசித்தான்.

“மாநகராட்சிங்கம்மா,” என்றான் கார்த்திக்.

அவன் பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்திருந்தான். கையைப் பிடித்திருந்த தினகரனிடம், “ஒரு நிமிஷம் விடுங்க சார், எழுதணும்,” என்றான். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில் தினகரன் விட்டுவிட்டான்.

“கொசு ஒழிப்புப் பிரிவு. இந்த வார்டுல டெங்கு வந்திருக்குல்ல, வீடு வீடா மாடித் தொட்டி பாக்குறோம். இவரு வீட்டுக்கு ரெண்டு தடவை நோட்டீஸ் குடுத்தாச்சு. தொட்டிக்கு மூடி போடல. புழு நெளியுது. கேட்டா உள்ள வாங்க பேசிக்கலாங்கிறாரு. எங்களுக்கு அதெல்லாம் வேணாங்க, மூடி போட்டாப் போதும்.”

பொத்தான் அசையவில்லை. சகாயம் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இந்தப் பொய்யில் கார்த்திக்கைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதனால் அவனுக்குப் பயமும் இல்லை. கொசுவைப் பற்றி அவன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவான்.

“புழுவா?” என்றாள் அந்த அம்மா. குடத்தைக் கீழே வைத்தாள். “எம்பொண்ணு பத்து நாளு ஆஸ்பத்திரில கெடந்தாளே. நான் அப்பவே சொன்னேன், எங்கேருந்தோ வருதுன்னு. ஏன் தினா?”

“அக்கா, இவனுங்க மாநகராட்சி இல்ல. பொய் சொல்றானுங்க. இவனுங்க அந்த மாதிரிப் பசங்க. ஆப்ல வந்தவனுங்க.”

“என்ன ஆப்பு?” என்றார் இஸ்திரிக்காரர்.

“ஆம்பளையும் ஆம்பளையும் சந்திக்கிற ஆப்பு.”

இஸ்திரிக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவசரப்படாத மனிதர். “அதுல வந்தவங்களுக்கு ஒன் வீட்டு அட்ரஸ் எப்படிப்பா தெரியும்?”

“அது... நான்...”

“நீ அதுல இருக்கியா?”

தினகரன் வாயைத் திறந்தான். அவன் வீட்டு வாசலில் நின்றிருந்த இரண்டு தலைகளும் உள்ளே போய்விட்டன.

“நான் இல்ல,” என்றான் தினகரன். “ஒரு ஃப்ரெண்டு சொன்னான்.”

சகாயத்தின் நெஞ்சில் பொத்தான் இரண்டு தடவை அதிர்ந்தது. அன்று அது அதிர்ந்தது அந்த ஒரு முறைதான்.

“நாளைக்கு வந்து பாப்பேன்,” என்று கார்த்திக் நோட்டில் எதையோ எழுதிக் கிழித்துத் தினகரன் கையில் கொடுத்தான். “வாங்க சார், அடுத்த தெரு,” என்று சகாயத்தைக் கூப்பிட்டான். இருவரும் நடந்தார்கள். அந்த அம்மா, தங்கள் வீட்டுத் தொட்டியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அழைத்தாள். கார்த்திக் போய்ப் பார்த்தான். நன்றாக இருக்கிறது, இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னான்.

மெயின் ரோடு வந்த பிறகுதான் கார்த்திக் நோட்டைப் பைக்குள் வைத்தான். பேருந்து நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நான் இங்க வர்றது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் அந்தக் கம்பெனிலதான் வேலை பாக்குறேன்.”

“ஐ.டி.ன்னு சொன்னீங்க.”

“அதுவும் ஐ.டி.தான்.”

“அப்ப அது பொய்யில்லையே. அன்னிக்கு அதிர்ந்துச்சே.”

“அது அப்படித்தாங்க.”

“செவப்பு போட்டது நீங்களா, கம்பெனியா?”

“நான்தான்.”

“ஏன்?”

“வேலைல கேப்பாங்க. பொறுப்பேத்துக்கலாம்னா வீட்டுக்குத் தபால் போகும்.”

“சும்மா விட்டிருக்கலாம்ல. நான் விட்டேன்.”

சகாயத்தின் போன் அதிர்ந்தது, பதில் தேடுவது போல எடுத்துப் பார்த்தான். கம்பெனி செய்தி. பொறுப்பாளர் தினகரனின் உண்மை தொண்ணூற்றெட்டிலிருந்து தொண்ணூற்றேழு ஆகியிருந்தது. விண்ணப்பதாரர் சரிபார்க்கப்பட்ட முகவரிக்குள் நுழையத் தவறியதால் அவருடைய மறுசேர்க்கை நிரந்தரமாக ரத்து செய்யப்பட்டிருந்தது. படித்ததைக் கார்த்திக்கிடம் காட்டினான். அவன் படித்துவிட்டுச் சிரித்தான். காபிக் கடையில் சிரித்த சிரிப்பு இல்லை.

“என் பேரு சகாயராஜ்,” என்றான் சகாயம். “மணப்பாறை. அப்பா உபதேசியாரு. ரெண்டு அக்கா, ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிருச்சு.” நடுத்தெருவில், வண்டிச் சத்தத்துக்கு நடுவில் அது சுலபமாக வந்தது. கண்ணாடி அறையில் வராத சுலபம்.

“நல்ல பேரு,” என்றான் கார்த்திக்.

“ஒங்கள மறுபடி பாக்கணும். ஆப் இல்லாம. பொத்தான் இல்லாம.” சட்டையிலிருந்து அதைக் கழற்றிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டான். அந்த இடத்தில் சட்டை லேசாகத் திறந்துகொண்டது. “நம்பர் குடுப்பீங்களா?”

கார்த்திக் அவனை ஒரு தடவை முழுசாகப் பார்த்தான். திறந்திருந்த சட்டையைப் பார்த்தான். பிறகு பத்து எண்களைச் சொன்னான், யோசிக்காமல், தடுக்காமல். சகாயம் திருப்பிச் சொன்னான். “ஆமா, கரெக்ட்,” என்றான் கார்த்திக். துறையூர் பஸ் வந்தது. படியில் ஏறி நின்றுகொண்டு, “பாத்துப் போங்க சகாயராஜ்,” என்றான். அந்தப் பெயரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று சகாயத்துக்குத் தோன்றியது.

அன்று கூப்பிட்டால் அவசரப்படுகிறவன் என்று நினைப்பானோ என்று விட்டுவிட்டான். மறுநாளும் விட்டான். வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், மொட்டை மாடிக்குப் போய்க் கூப்பிட்டான். என்ன பேச வேண்டும் என்று நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தான். டீயிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தான்.

“விதைக்கடைங்க,” என்றது ஒரு பெண் குரல். பின்னால் எங்கோ மூட்டை இறக்கும் சத்தம். “சொல்லுங்க, மக்காச்சோளமா, பருத்தியா?”

சகாயம் எண்ணைச் சரிபார்த்தான். பத்தும் சரியாக இருந்தன.

“இது எந்த ஊருங்க?”

“பெரம்பலூருங்க. ஒங்களுக்கு யாரு வேணும்?”

“கார்த்திக்னு ஒருத்தரு.”

“கார்த்திக்கா?” அந்தப் பெண் போனைத் தள்ளிப் பிடித்து யாரிடமோ கேட்டாள். யாரோ இல்லை என்றார்கள். “அப்படி இங்க யாருமே இல்லீங்களே. இருபது வருஷமா இது நம்ம கடை நம்பருதான்.”

வெயில் மாடித் தளத்தில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. இனி கார்த்திக்கைத் தினகரனால் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனியால் முடியாது. உறையூர்க்காரர்கள் யாராலும் முடியாது. சகாயராஜாலும் முடியாது.

“ஹலோ? இருக்கீங்களா?”

“இருக்கேங்க,” என்றான் சகாயம். “யாரும் இல்லைன்னா நல்லதுங்க.”